செவிலியர் மேற்படிப்பைக் கைவிட்டால் வார்டையும் கைவிடுகிறோம்

நள்ளிரவு தாண்டிய நேரத்தில் தோட்டத்திலிருந்து பாம்புக்கடியோடு ஒருவரைத் தூக்கிவருகிறார்கள். கண்ணிமை தொங்கத் தொடங்கிவிட்டது, பேச்சு குழறுகிறது. மருத்துவர் பார்த்து விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போக வேண்டியிருக்கிறது. அதன்பிறகு விடியும்வரை அந்தப் படுக்கையை விட்டு அகலாமல் இருக்க வேண்டியவர் டூட்டியில் உள்ள செவிலியர். மூச்சின் ஆழம் குறைவதை அவர் சற்று முன்னதாகக் கண்டுபிடித்தால் குழாய் பொருத்தி வென்டிலேட்டரில் வைக்க நேரம் கிடைக்கும். பிந்திக் கண்டால் கிடைக்காது. இத்தனை நுட்பமான பொறுப்பை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அதற்கேற்ற மேற்படிப்பையும் பதவியையும் சம்பளத்தையும் அவருக்குத் தராமலே காலம் தள்ளிவருகிறோம். தேனி மாவட்டத்தில் இதன் விளைவு உயிர்களில்தான் தெரியும். அபாயச் சங்கை இப்போதே ஊதியாக வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் நோய்கள் இந்த மண்ணின் தொழில்களோடு சேர்ந்தே வருபவை. திராட்சைப் பந்தலிலும் வாழைத் தோப்பிலும் நெல் வயலிலும் வேலை செய்பவர்களுக்குப் பாம்புக்கடி அன்றாட ஆபத்து. மருந்தடிப்பவர்களுக்கும், மனம் உடைந்த வேளையில் அந்த மருந்தையே கையில் எடுப்பவர்களுக்கும் பூச்சிக்கொல்லி விஷமாகிறது. ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் விடியலிலேயே ஜீப்புகளில் நெருக்கியடித்து கம்பம்மெட்டும் போடிமெட்டும் குமுளியும் ஏறுகிறார்கள். அந்த மலைப்பாதை விபத்துகள் பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளுக்குத்தான் இறங்கிவருகின்றன. 2022 டிசம்பரில் குமுளி மலைப்பாதையில் வாகனம் கவிழ்ந்து ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத்தீயில் சிக்கியவர்களைப் போடிக்கும் தேனிக்கும் மதுரைக்கும் கொண்டு ஓடினோம். இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். தீக்காயம்பட்ட உடலை நாள்தோறும் சுத்தம் செய்து, நீர்ச்சத்தைக் கணக்கிட்டு ஏற்றி, தொற்று அண்டாமல் காப்பது செவிலியரின் வேலை. பொதுவான இளங்கலைப் பயிற்சி அதற்கு அடித்தளம் மட்டுமே போடும்.

இங்கே கட்டடங்களுக்குக் குறைவில்லை. மதுரை மாவட்டத்திலிருந்து 1996-ல் பிரித்து அறிவிக்கப்பட்ட இந்த மாவட்டத்தில், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரியகுளத்தில் தலைமை மருத்துவமனை இருக்கிறது. கம்பம், போடி, உத்தமபாளையம், சின்னமனூர், ஆண்டிபட்டி ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. தமிழகத்தில் நெடுங்காலம் ஆறே ஆறாக இருந்த அரசு செவிலியர் கல்லூரிகளில் ஒன்று தேனியில் உள்ளது. சென்னை, மதுரை, சேலம், செங்கல்பட்டு, சிவகங்கை ஆகியவை மற்ற ஐந்து. 2011 கணக்கெடுப்பின்படி 12,45,899 பேர் வாழும் மாவட்டத்துக்கு இது பெரிய பேறு. எல்லை தாண்டி இடுக்கிப் பக்கத்தாரும் சிகிச்சைக்கு இங்கே இறங்கிவருகிறார்கள். ஆனால் தேனியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பிள்ளைப்பேறோ தீவிர சிகிச்சையோ மனநலமோ ஒன்றில் ஆழமாகப் படிக்க விரும்பும் பெண்ணுக்கு அடுத்த படி எது என்று கேட்டுப்பாருங்கள். அரசு இடம் என்றால் மதுரை அல்லது சென்னையின் ஒருசில இடங்களுக்கு மாநிலமெங்கும் இருந்து வருபவர்களோடு போட்டி. கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி, கூடவே கடன்.

மேற்படிப்பு என்பது சுவரில் மாட்டும் பட்டம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாண்டுப் படிப்பு. உள்நோய் மற்றும் அறுவை சிகிச்சைச் செவிலியம், சமூக நலச் செவிலியம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என்று ஐந்து பிரிவுகள். இதில் சேரவே ஓராண்டு பணி அனுபவம் வேண்டும். இதற்கு அப்பால் 2016-17 வாக்கில் இந்திய செவிலியர் மன்றம் இன்னொரு பாதையைத் திறந்தது. தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் ரெசிடென்சிப் படிப்பு அது. இரண்டாண்டில் பெரும்பகுதியை மாணவர் படுக்கையோரத்திலேயே கழிப்பார். வென்டிலேட்டர் அளவுகளை ஏற்றி இறக்குவது, ரத்த வாயு அளவைப் படித்துப் பொருள் கொள்வது, மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்குள் மருந்தளவை மாற்றுவது எல்லாம் அதில் பயிற்சி. 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கையும் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கெனத் தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்றது.

பூச்சிக்கொல்லி விஷத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தரும் அட்ரோபின் ஒரே அளவில் கொடுத்துவிட்டு மறந்துவிடக்கூடிய மருந்தல்ல. நாடியையும் வியர்வையையும் நெஞ்சில் கேட்கும் சத்தத்தையும் பார்த்துப் பார்த்து மணிக்கு மணி கூட்டவும் குறைக்கவும் வேண்டும். குறைந்தால் நுரையீரலில் சளி நிறையும். கூடினால் நோயாளி புலம்பி எழுந்து ஓடப் பார்ப்பார். இதைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த செவிலியர் எல்லா ஷிஃப்டிலும் இருந்தால்தான் காப்பாற்ற முடியும். பகல் ஷிஃப்டில் அனுபவசாலி, இரவில் புதிதாக வந்தவர் என்று வைத்தால் ஆகாது; விஷம் இரவு பகல் பார்க்காது.

படிப்புக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு உணர்ச்சிப் பேச்சு அல்ல. 2014-ல் லான்செட் இதழில் லிண்டா ஐக்கனும் அவரது குழுவினரும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், சேர்ந்த முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றும், பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் உயர்ந்தால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். ஆள் எண்ணிக்கை, படிப்பு ஆகிய இரண்டையும் சேர்த்தே உயர்த்த வேண்டும் என்பதே அதன் பாடம். நாம் இரண்டிலும் பின்தங்கியிருக்கிறோம்.

இந்தப் பின்தங்கல் பாரம்பரியம் இல்லாததால் வந்ததல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சிப் பள்ளி தொடங்கியது. செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-ல் வந்தது. நாட்டின் முதல் செவிலியப் பட்டப்படிப்புகள் 1946-ல் தில்லியிலும் நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கின. செவிலியரின் கல்வி, பணிநிலை, சம்பளம் ஆகியவற்றை ஆராய 1987-ல் மத்திய அரசு அமைத்த உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழ்ப் பெண், சரோஜினி வரதப்பன். குழு 1989-ல் அறிக்கை கொடுத்தது. ஆள் பலம், உயர்கல்வி, நிர்வாகத்தில் செவிலியருக்கு உரிய இடம் என்று அது அன்றே பேசியவற்றை இன்றும் நாம் கோரிக்கையாகவே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மேற்படிப்பை முடித்து வந்தால் என்ன கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. தீவிர சிகிச்சையில் ரெசிடென்சி முடித்தவருக்கென்று அரசு மருத்துவமனைகளில் ஒரு தனிப் பதவியையும் அதிகார வரம்பையும் வகுக்காமல் படிப்பை மட்டும் அறிவித்தால் யார் சேர்வார்கள்? எம்.எஸ்சி. முடித்தவர் ஆசிரியப் பணிக்குப் போகலாம். வார்டிலேயே இருந்தால் படித்தவரும் படிக்காதவரும் ஒரே டூட்டி பட்டியலில், ஒரே வேலையில். ஆழ்ந்து படித்த கணமே நோயாளியை விட்டு விலகினால்தான் உயர்வு என்றால், அந்தப் படிப்பின் பலன் நோயாளிக்கு எப்படிச் சேரும்? மருத்துவர் எம்.டி. முடித்தால் அதே வார்டில் அவர் சொல்லுக்கு எடை கூடுகிறது. செவிலியர் மேற்படிப்பு முடித்தால் வார்டில் அவர் இருந்த இடம் காலியாகிறது. இந்த அமைப்பு இப்படியே தொடரக் கூடாது.

இனி சம்பளத்துக்கு வருவோம். 2012-ல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தேர்வு எழுதி, தகுதி பெற்று வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் தரப்பட்டது. இரண்டாண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்போடு வந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு அமர்ந்தார்கள். ஊதியம் பல ஆண்டுகளில் படிப்படியாக ஏறி 18,000 ரூபாய்க்கு வந்தது. இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தனியார் செவிலியர் சம்பளம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்கும் குறைவான மிகச் சிறிய தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதையொட்டிக் கேரளம் 2018-ல் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 20,000 ரூபாய் என்று அறிவித்தது. அதாவது குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சத்தைக்கூட, இந்தப் பக்கம் அரசே தன் தொகுப்பூதியச் செவிலியருக்குத் தரவில்லை. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பணியிலிருந்து அனுப்பிய காட்சியையும் பார்த்தோம். தொகுப்பூதியத்தில் இருப்பவருக்குப் படிப்பு விடுப்பு இல்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாம், திரும்பி வர இடம் இருக்குமா என்ற உறுதி இல்லை. இப்படி ஒரு நிலையில் வைத்துவிட்டு, "ஏன் யாரும் மேலே படிக்க வருவதில்லை" என்று கேட்பது நியாயமில்லை.

படிப்புச் செலவின் கணக்கும் இதே கதையைச் சொல்கிறது. கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் மாதிரித் திட்டம். கேட்பது வேறு விஷயம். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 18,000 ரூபாய் வாங்குகிறவர் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் போக எதை வைத்து அந்தத் தவணையைக் கட்டுவார்? அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியபோது பல வீடுகளில் விளக்கேற்றியது. அது பட்டத்தோடும் பட்டயத்தோடும் நின்றுவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்த பெண்ணைக் கைதூக்கிவிட்ட அரசு, எம்.எஸ்சி.க்கு வரும்போது கையை விட்டுவிடுகிறது.

பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். செவிலிய மாணவர்களுக்கான உதவித்தொகையை 2017-ல் அங்கே நிறுத்தினார்கள். விண்ணப்பங்கள் சரிந்தன. 2020 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுண்டு உதவித்தொகையைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. அந்த இடைவெளியில் உருவான பற்றாக்குறையை அடைக்க இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். வேறு நாட்டின் கல்விப் பிழைக்கு நம் வார்டுகள் விலை கொடுக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட உலகச் செவிலிய நிலை அறிக்கையின்படி 2023-ல் உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள், பற்றாக்குறை 58 லட்சம். இந்தப் போட்டியில் தேனி தன் பெண்களைத் தேனியிலேயே வைத்துக்கொள்ள எதைத் தரப்போகிறது?

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். செவிலியரின் மேற்படிப்பில் நோயாளியைக் கவனிப்பது பாதி என்றால், நிதிக் கணக்கு மறு பாதி. எம்.எஸ்சி.யின் இரண்டாம் ஆண்டில் செவிலிய மேலாண்மை என்னும் பாடத்துக்கு 150 மணி நேரம் வகுப்பு. அதில் நிதித் திட்டமிடல் என்று ஓர் அலகே இருக்கிறது. முதலீட்டுச் செலவு, நடைமுறைச் செலவு, பூச்சியத்திலிருந்து போடும் பட்ஜெட், செலவுக்கேற்ற பலன், தணிக்கை, காப்பீடு என்று பாடத்திட்டம் எல்லாவற்றையும் சொல்கிறது. படித்து வந்தவருக்கு அதைப் பயன்படுத்த மேசையில் இடம் இல்லை.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒரு செவிலியர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஓர் இடத்தை இரவு பகலாக நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்புக்கும் நோய்க்கும் பேறுகாலத்துக்கும் விதிப்படி 30 சதவீதம் கூட்டினால் நாலரைப் பேர். இப்போது நம் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பாருங்கள். அங்கே மூன்று செவிலியர். ஆளுக்கொரு ஷிஃப்ட் என்று பிரித்தால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் மற்ற இருவர் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒருவர் என்ற அளவில் பத்துப் படுக்கைத் தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்த 45 பேர் தேவை. ஒரு மருத்துவமனைக்குப் புதிதாகப் பத்து வென்டிலேட்டர் வந்தது என்று படம் எடுத்துப் போடும் நாளில், அதோடு 45 பணியிடங்களுக்கான ஆண்டுச் சம்பளம் பட்ஜெட்டில் ஏறியதா என்று கேட்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவர் செவிலியராகத்தான் இருக்க முடியும்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியதிலிருந்து மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரி. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீடு ஒரு பாஸ்புக்கில் பதிவாகிறது, எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழிகிறது. வார்டிலிருந்து எழும் மருந்துத் தேவைப் பட்டியலான இண்டென்ட்தான் அந்தக் கணக்கின் தொடக்கம். அதை எழுதுபவர் செவிலியர். எந்த மருந்து மாதக் கடைசியில் தீர்ந்துபோகிறது, எது அலமாரியில் காலாவதியாகக் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனை ஈட்டும் தொகையும் அப்படித்தான். கேஸ் ஷீட்டும் பதிவேடும் சரியாக இருந்தால்தான் காப்பீட்டுப் பணம் வரும். அந்தப் பதிவை எழுதும் கைக்கு, வந்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற கூட்டத்தில் பேச்சுரிமை இருக்கிறதா? படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் இருந்தால் போதும். வந்துவிட்டால் டிரெஸ்ஸிங், ஆன்டிபயாடிக், கூடுதல் நாட்கள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஒரு செவிலியரை மிச்சம் பிடித்து எவ்வளவு பணத்தை இழக்கிறோம் என்று எழுத்தில் கணக்குக் காட்டக்கூடியவர் வார்டில் இருந்து வந்து, நிதியும் படித்தவர் மட்டுமே.

வெளியுலகம் இதை உணர்ந்து நெடுநாளாகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 1965-ல் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும், மருத்துவர் போதாத கிராமங்களின் குழந்தைகளுக்காக நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். 2004-ல் அந்நாட்டின் செவிலியக் கல்லூரிகள் சங்கம், உயர்நிலைப் பணிக்கு வருகிறவர்களுக்கு செவிலியப் பணியியலில் முனைவர் பட்டமே தகுதியாக வேண்டும் என்று முடிவெடுத்தது. ஆராய்ச்சிக்கான பிஎச்.டி.யிலிருந்து வேறுபட்ட இந்தப் பட்டத்தில் நோயாளிக்கான நடைமுறையும் நிறுவனத்தின் பொருளாதாரமும் நிதியும் சேர்ந்தே பாடமாகின்றன. அந்த நாட்டின் பணக்கார மருத்துவமனைகளோடு நம்மை ஒப்பிட வேண்டியதில்லை. மருத்துவர் எண்ணிக்கை குறைந்த மலைப்பகுதிக்கு உயர்பயிற்சி பெற்ற செவிலியர் தேவை என்ற மூலக் காரணம் வருசநாட்டுக்கும் அகமலைக்கும் மேகமலைக்கும் அப்படியே பொருந்தும்.

இந்தச் செவிலியர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் யார் என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்திருப்பதற்குக் காரணம், ஆபத்து அங்கேதான் உச்சம். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,570 கோடி ரூபாயில் 157 புதிய அரசு செவிலியர் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தந்தது. தமிழகத்துக்கு அதில் 11. வரவேற்க வேண்டியதுதான். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. எம்.எஸ்சி. படித்தவர்களும் முனைவர் பட்டம் பெற்றவர்களும் போதிய எண்ணிக்கையில் இல்லாமல் கல்லூரிகளை மட்டும் திறந்தால் என்ன நேரும் என்பதை மத்தியப் பிரதேசத்தில் பார்த்தோம். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சி.பி.ஐ. 308 செவிலியர் கல்லூரிகளைச் சோதித்ததில் 169 மட்டுமே தகுதியானவை என்று 2024-ல் வெளிவந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவை நடத்தவே தகுதியற்றவை. அந்தச் சோதனைக்குப் போன அதிகாரிகளே லஞ்சம் வாங்கியதாகக் கைதானார்கள். காகிதத்தில் ஆசிரியர், காகிதத்தில் மருத்துவமனை, காகிதத்தில் பயிற்சி என்று வெளியே வருகிறவரின் கையில் நம் வீட்டுக் கர்ப்பிணியை ஒப்படைப்போமா? தமிழகம் அந்தப் பாதையில் போகாமல் தடுக்க ஒரே வழி, ஆசிரியர்களை இப்போதே உருவாக்கத் தொடங்குவது. எம்.எஸ்சி. ஆசிரியருக்கு இரண்டாண்டுப் படிப்பும் பல ஆண்டு அனுபவமும் வேண்டும். முனைவர் பட்டத்துக்கு அதற்கும் மேல். இன்று தொடங்கினால்தான் பத்தாண்டு கழித்து ஒரு மூத்த பேராசிரியர் கிடைப்பார்.

முனைவர் ஆய்வுக்கு நாட்டில் ஒரு பாதை உண்டு. இந்திய செவிலியர் மன்றமும் கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தேசியக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. நம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் செவிலியத்தில் பிஎச்.டி. உண்டு. ஆனால் மூன்று ஷிஃப்டில் ஓடுகிற அரசுச் செவிலியருக்கு ஆய்வு செய்ய நேரம் எங்கே? இந்தப் பள்ளத்தாக்கில் ஆய்வுக்கான கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பாம்பு கடித்தவர் மருத்துவமனை வந்துசேரும்வரை எங்கெங்கே நேரம் போகிறது? எல்லை தாண்டித் தோட்ட வேலைக்குப் போகும் கர்ப்பிணியின் பரிசோதனை அட்டை இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் எங்கே தொலைகிறது? பளியர், முதுவர் குடியிருப்புகளில் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பை எப்படிக் கொண்டுசேர்ப்பது? இவற்றை வெளியூரிலிருந்து வருகிற ஆய்வாளர் ஒரு வாரத்தில் எழுதிவிட முடியாது. கிராம சுகாதாரச் செவிலியரோடு மலை ஏறி இறங்கிய ஒருவரே எழுத முடியும்.

எதிர்வாதங்கள் வரும். "செவிலியர் மருத்துவர் ஆகப் பார்க்கிறார்கள்" என்பது ஒன்று. உயர்பயிற்சி பெற்ற செவிலியர் மருத்துவரின் இடத்தைப் பிடிப்பதில்லை. மருத்துவர் வந்து சேரும்வரையிலும், அவர் போன பின்னரும் நோயாளியின் உயிரைப் பிடித்துவைக்கிறார். தமிழகத்தின் தாய் இறப்பு விகிதம் 2018-20-ல் லட்சம் பிறப்புக்கு 54 என்ற அளவுக்கு இறங்கியதில் அந்த மூன்று செவிலியர் சுகாதார நிலையங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மருத்துவர்களே அறிவார்கள். "படிக்க வைத்தால் வெளிநாடு போய்விடுவார்கள்" என்பது இரண்டாவது வாதம். படிக்க வைக்காதபோதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இங்கே பதவியும் சம்பளமும் மரியாதையும் இருந்தால் தங்க விரும்புகிறவர்களைத் தங்கவைக்கலாம். "பணம் எங்கே" என்பது மூன்றாவது. படுக்கைப்புண்ணுக்கும் வென்டிலேட்டர் நிமோனியாவுக்கும் மதுரைக்கு ஓடும் ஆம்புலன்சுக்கும் இன்று செலவாகும் பணத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நாம் கேட்பவை இவை. தேனி அரசு செவிலியர் கல்லூரியில் தீவிர சிகிச்சை, மகப்பேறு, சமூக நலம் ஆகிய பிரிவுகளில் போதிய முதுகலை இடங்களும், க.விலக்கு மருத்துவமனையை மையமாக வைத்து ரெசிடென்சிப் பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சி முடித்தவருக்கு வார்டிலேயே தனிப் பதவி, தனி ஊதியப் படி, எழுத்தில் வகுத்த அதிகார வரம்பு வேண்டும். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டத்தின் கீழ் அமையும் மாநில ஆணையம் இந்த வரம்பை வகுப்பதைத் தன் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும். தேர்வெழுதி வந்த தொகுப்பூதியச் செவிலியர் அனைவரையும் காலக்கெடு குறித்து நிரந்தரமாக்க வேண்டும். அதுவரை அவர்களுக்கும் ஊதியத்தோடு படிப்பு விடுப்பு தர வேண்டும். புதுமைப்பெண் உதவி முதுகலைக்கும் நீள வேண்டும். மாவட்டத்தில் ஐந்தாண்டு பணிசெய்ய ஒப்புக்கொள்கிறவரின் கல்விக் கடன் வட்டியை அரசே ஏற்க வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் கொள்முதல் கூட்டத்திலும் காப்பீட்டு நிதிக் கூட்டத்திலும் செவிலியர் கண்காணிப்பாளருக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். ஆண்டுக்கு ஒருசில அரசுச் செவிலியரையாவது முழு ஊதியத்தோடு முனைவர் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வின் பொருள் அவர்கள் பணிசெய்யும் மாவட்டத்தின் நோயாக இருக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும் கட்சி வேறுபாடு பாராமல் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் சுகாதாரத் துறையிடம் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். தேனியில் செவிலிய முதுகலை இடங்கள் எத்தனை, அவற்றை எந்த ஆண்டுக்குள் எத்தனையாக உயர்த்துவீர்கள்? அங்கே படித்து முடிப்பவருக்கு எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம்? இவற்றுக்கு எண்களில் பதில் வரும்வரை விடக் கூடாது. விவசாய சங்கங்களும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களும் மகளிர் குழுக்களும் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் படுக்கைகளில் படுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான், அவர்கள் வீட்டார்தான். செவிலியரின் போராட்டத்தைச் செவிலியரின் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்கிவைத்த காலம் முடிய வேண்டும்.